ஒரு வரி அதிகமாக இருந்த அறிக்கை

“போட மாட்டேன்னா மாட்டேன் சார்! உங்க மாப்பிள்ளையைக் காப்பாத்த நான்தான் கிடைச்சேனா?”

“யாரு மாப்பிள்ளை? ஆபீஸ்ல யாரும் யாருக்கும் மாப்பிள்ளை கிடையாது. மொதல்ல குரலைக் கொறச்சுப் பேசு!”

“நீங்க கத்தறதை நிறுத்துங்க, நான் கொறைக்கறேன்.”

மேலாளரின் அறைக்கு நான்கு பக்கமும் கண்ணாடி. வெளியே யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக அவரே ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டது. வெளியே இருப்பவர்களும் உள்ளே பார்க்கலாம் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. அன்று காலை மூன்றாம் மாடியில் நாற்பது பேர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒரு விசைகூடத் தட்டப்படவில்லை. எல்லோருடைய காதும் அந்த அறைக்குள் இருந்தது.

உள்ளே நின்றுகொண்டு கத்தியவளை நாங்கள் ‘கேள்வி’ என்று அழைப்போம். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்பாள். எங்கள் அலுவலகத்தில் இதைவிடப் பெரிய ஒழுக்கக்கேடு கிடையாது. உட்கார்ந்துகொண்டு கத்தியவர் மேலாளர். சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கத்தாமல், வருத்தமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவன் ‘மேதை’. அந்தப் பெயரை அவனுக்கு மேலாளர் வைத்தார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தொனி மட்டும் வேறு. மேலாளரின் மகளுக்கு அவனைப் பேசி முடித்திருந்தது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

சண்டை ஒரு கடிதத்தைப் பற்றியது. ‘தவறு முழுக்க என்னுடையது’ என்று அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் அவள் பெயர் விழுந்தால் மறுநாள் வேலை போகும். அது பரவாயில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒரு வீட்டில் சொன்னது பத்து வீட்டில் கேட்கும். அப்புறம் எந்தக் கம்பெனியும் அவளைக் கெர்னல் பக்கம் விடாது.

கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லா மென்பொருளுக்கும் அடியில் உட்கார்ந்து, யாருக்கு எது, யார் முதலில், யார் பிறகு என்று பங்கு போட்டுக் கொடுக்கும் நிரல். எங்கள் பிழைப்பே அதுதான். நாங்கள் செய்து கொடுத்த சேமிப்பு எந்திரம் ஒன்று ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்களை வைத்திருந்தது. அந்த வாரம் மூன்று நாள் தொடர்ந்து, காலையில் வேலை தொடங்கிய ஒரு மணி நேரத்தில் அது அப்படியே உறைந்து நின்றது. ஸ்கேன் அறைகளுக்கு வெளியே நோயாளிகளின் வரிசை மாடிப்படி வரை போனது. ஆஸ்பத்திரிக்காரர்கள் காரணம் கேட்டார்கள். அதுவும் எழுத்தில், நாளைக்குள்.

மேலாளருக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் சரி, அது ஒரு ஆளாக இருந்தால் போதும்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனவர் ‘நிதானம்’. எங்கள் எந்திரம் எங்கே உடைந்தாலும், ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர், மாடிப்படி ஏறும்போதுகூட ஒரு படியை முழுக்க ஏறி முடித்த பிறகுதான் அடுத்ததைப் பற்றி யோசிப்பார். பின்னாலேயே மூச்சிரைக்க அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி என்பதால் வேலை கிடைத்தது என்று சொல்வார்கள். அது பொய், மனைவியின் தொந்தரவு தாங்காமல் கிடைத்தது.

“வாங்க, வாங்க. விசாரணை முடிஞ்சிடுச்சு. நீங்க கடைசிப் பக்கத்துல கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்” என்றார் மேலாளர்.

“முடிஞ்ச விசாரணையில எனக்கென்ன வேலை சார்?” என்றபடி நிதானம் மேஜையின் எதிரே உட்கார்ந்தார். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. மேஜையில் ஒரு கத்தைத் தாள் பறக்காமல் இருக்க, உள்ளங்கை அகல இரும்புக் கட்டி ஒன்று அதன்மேல் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு கேள்வியைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. தண்ணி வேணும்னா குடிச்சிட்டுச் சொல்லு.”

அவள் தண்ணீர் குடிக்கவில்லை. “பெரிய டிஸ்க்கை கெர்னல் துண்டு துண்டா பிரிச்சு வெச்சிருக்கும் சார். ஒவ்வொரு துண்டும் ஒரு வளக்குழு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூட்டு. உள்ளே வேலை இருக்கறவங்க பூட்டிக்கிட்டு, வேலை முடிஞ்சதும் திறந்து விட்டுடணும். எந்தக் குழுவில எவ்வளவு இடம் காலி, எவ்வளவு நிறைஞ்சிருக்கு, வாசல்ல எத்தனை தடவை காத்திருக்க வேண்டியிருந்துச்சுன்னு ஒரு புள்ளிவிவர அறிக்கை வரணும். குழுவுக்கு ஒரு வரி. அதைக் கெர்னல்ல சேர்க்கற திருத்தம்தான் நான் எழுதின பேட்ச்.”

“குழு பழுதா இருந்தா?”

“கணக்கு எழுதி வெச்சிருக்கற தலைப்பைப் படிக்க முடியாது. அந்தக் குழுவுக்கு வரியே வராது, தாண்டி அடுத்ததுக்குப் போயிடும். ஆனா தாண்டறதுக்கு முன்னாடி பூட்டைத் திறந்துட்டுப் போகணும் இல்லையா? நான் முதல்ல எழுதினதுல திறந்துட்டுத்தான் போச்சு. இவர்தான்…” விரல் சோபாவை நோக்கி நீண்டது. யார் எழுதிய பேட்ச்சும் மேதை படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் சேரும்; அதற்குப் பெயர் ரிவ்யூ. “ரெண்டு இடத்துல திறக்கறது பார்க்க அசிங்கமா இருக்கு, கடைசியில ஒரே இடத்துல வைன்னார். தாண்டிப் போறப்ப கடைசிக்கே வராது சார், பூட்டு பூட்டினபடியே இருக்கும்னு மூணு லெட்டர் எழுதினேன்.”

“அப்புறம் ஏன் மாத்தினே?”

“நாலாவதுக்கு அவர் சோதனை முடிவை அனுப்பினார். பழுதான டிஸ்க்லயே ஓட்டிப் பார்த்துட்டேன், ஒரு பிரச்சினையும் இல்லைன்னு. சோதனையைக் காட்டினவங்ககிட்ட யார் சார் வாதாட முடியும்?”

இதுதான் எங்கள் தொழிலின் சாஸ்திரம். நூறு நியாயம் பேசலாம். ஓட்டிப் பார்த்தேன் என்று ஒருவன் முடிவை நீட்டினால் பேச்சு அத்துடன் முடிந்தது. பெற்ற தாயின் வார்த்தையைச் சந்தேகிப்போம், சோதனை முடிவைச் சந்தேகிக்க மாட்டோம்.

மேதை இப்போதுதான் வாயைத் திறந்தான். “அங்கிள், நான் ஓட்டினது நிஜம். எங்க டிஸ்க்ல பாஸ் ஆச்சு. ஆஸ்பத்திரி டிஸ்க்ல பழுது வேற மாதிரி இருக்கலாம். எழுதினவங்கதானே எல்லா விதத்தையும் யோசிச்சிருக்கணும்? ரிவ்யூ பண்றவன் என்ன கடவுளா?”

“நான் உனக்கு அங்கிள் இல்லப்பா” என்றார் நிதானம், கோபமே இல்லாமல். “அந்த லெட்டர் எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க. சாயங்காலம் பார்க்கலாம்.”

வெளியே வந்ததும் மச்சினன் காதோடு கிசுகிசுத்தான். அவன் கிசுகிசுத்தால் எட்டு மேஜைக்குக் கேட்கும். “மாமா, அந்தப் பொண்ணு மேலதான் எனக்கு டவுட். ரொம்பக் கோவப்படறா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க.”

“உங்க அக்கா தினமும் கோவப்படறா. அவ என்ன குத்தம் பண்ணினா?”

மச்சினன் சற்று யோசித்தான். “உங்களைக் கட்டிக்கிட்டதுதான்.”

“பரவாயில்லையே, மூளை வேலை செய்யுது. வா, லெட்டரைப் படிப்போம்.”

படித்தார்கள். கேள்வியின் முதல் கடிதம் நீளமானது. மாதிரிக்கு ஒரு அறிக்கையையும் அவள் அதில் சேர்த்திருந்தாள், நல்ல டிஸ்க் ஒன்றில் எடுத்தது. அடுத்து, பதினொன்றாம் தேதி மேதை எழுதிய சோதனைக் கடிதம். ‘பழுது டிஸ்க்கில் ஓட்டினேன். முடிவு கீழே. திருப்தி. சேர்க்கலாம்.’ அதற்குக் கீழே, பரிசோதித்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று இரண்டு இடத்திலும் அவன் பெயர்.

மச்சினன் திரைமேல் விரலை வைத்து வரிசையாக எண்ணினான். “ஒண்ணு, ரெண்டு, மூணு… மூணாம் குழு, காத்திருப்பு நாலாயிரத்து நூத்திப் பதினேழு… அஞ்சு, ஆறு… எட்டு! எட்டுக் குழுவுக்கு எட்டு வரி மாமா, ஒண்ணுகூடக் கொறையல. இவ்வளவு சுத்தமான சோதனையை நான் பார்த்ததே இல்ல.”

“நானும்தான்” என்றார் நிதானம்.

சோதனைக்கூடத்துக்குப் போகும் வழியில் சுவரில் மாட்டியிருந்த பலகையின் முன் அவர் நின்றார். ‘இந்த மாத ரிவ்யூ வீரர்’ என்ற தலைப்பின் கீழ் மேதையின் சிரித்த முகம். தொடர்ந்து ஏழாவது மாதம். ஒரே மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு திருத்தங்களுக்கு ஒப்புதல். மேலாளரின் ஏற்பாடு இது. யார் அதிகம் ஒப்புகிறார்களோ அவர்களுக்குப் படம். எதை ஒப்பினார்கள் என்று எண்ணுவதற்குப் பலகையில் இடம் இல்லை.

“ஒரு நாளைக்குப் பத்து மாமா!” என்று மச்சினன் வியந்தான். “எப்பத்தான் படிப்பான்?”

“நல்ல கேள்வி. அதை அப்படியே மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கோ.”

சோதனைக்கூடம் தரைத்தளத்தில். அதன் பொறுப்பாளரை எல்லோரும் ‘சாவி அக்கா’ என்பார்கள். வயது இருபத்தெட்டுதான், ஆனால் அவளுடைய அனுமதி இல்லாமல் ஒரு ஆணி உள்ளே போகாது, ஒரு ஆணி வெளியே வராது. அப்படிப்பட்டவளை அக்கா என்று சொல்லாமல் தங்கச்சி என்றா சொல்வது?

“பழுது டிஸ்க்கா?” அவள் கண் சிவந்தது. “அது இருந்தா நான் ஏன் சார் இப்படி இருக்கேன்? எங்ககிட்ட இருந்ததே ஒண்ணு. அஞ்சாவது குழுவோட தலைப்பு மட்டும் அழிஞ்ச டிஸ்க். அந்த மாதிரி அளவா, அழகாக் கெட்டுப்போன டிஸ்க் மறுபடி கிடைக்குமா? மேலே ‘பழுது’ன்னு சிவப்பு எழுத்துல ஒட்டி வெச்சிருந்தேன். நாலாம் தேதி காலையில வந்து பார்த்தா பெட்டி காலி.”

“புகார் குடுத்தியா?”

“அன்னிக்கே எழுதி மேலாளர்கிட்டக் குடுத்தேன். நாலு நாள் கழிச்சு ‘கவனிக்கப்பட்டது’ன்னு கையெழுத்து மட்டும் போட்டார். காகிதத்தைக்கூடத் திருப்பித் தரல.”

மச்சினன் துள்ளினான். “திருட்டு மாமா! உள்ளாள் வேலை! கதவுச் சாவி யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டுவிட்டுச் சாவி அக்காவை ஒரு மாதிரி பார்த்தான். அவளும் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அவனுடைய மாதிரி சுருங்கிவிட்டது.

“நாலாம் தேதிக்கு முந்தின நாள் இங்கே யாரு வந்தா?” என்று கேட்டார் நிதானம்.

வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டை அவள் அவரிடம் நீட்டினாள். “வெளியாள் யாரும் இல்ல சார். மேலாளர் ஒரு சுத்து வந்தார். வேண்டாத குப்பை எல்லாம் எதுக்கு வெச்சிருக்கேன்னு திட்டிட்டுப் போனார்.”

நிதானம் வெகுநேரம் அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்தார். பெட்டியில் பஞ்சு மெத்தை. நடுவில் உள்ளங்கை அகலப் பள்ளம்.

சாயங்காலம் எல்லோரும் மேலாளரின் கண்ணாடி அறையில் கூடினார்கள். கேள்வி கதவோரம். மேதை அதே சோபாவில், ஆனால் இரண்டு காலும் தரையில். சாவி அக்கா ஒரு தள்ளுவண்டியில் சோதனைக் கம்ப்யூட்டரையும் திரையையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். கையெழுத்தில்லாத கடிதம் மேஜையில் அப்படியே கிடந்தது. வெளியே நாங்கள் நாற்பது பேரும் அன்று வீட்டுக்குப் போக மறந்துவிட்டோம்.

“சீக்கிரம் முடிங்க, எனக்கு மீட்டிங் இருக்கு” என்றார் மேலாளர்.

“ரெண்டே விஷயம் சார்” என்றார் நிதானம். “முதல் விஷயம், தம்பி அனுப்பின சோதனை முடிவு. மாப்ளே, அதுல எத்தனை வரி?”

“எட்டு மாமா!” மச்சினன் நெஞ்சை நிமிர்த்தினான்.

“டிஸ்க்ல எத்தனை குழு?”

“எட்டு!”

“அதுல ஒண்ணு பழுது. பழுதான குழுவுக்கு வரி வருமா?”

மச்சினனின் வாய் திறந்தது. மூட மறந்துவிட்டான். கேள்வி கதவிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். “வராது சார். ஏழு வரிதான் வரணும். ஐயோ… நான் இதை எண்ணவே இல்லையே!”

“நீ எண்ணியிருக்கணும்” என்றார் நிதானம். “சரியாத்தான் மூணு லெட்டர் எழுதினே. நாலாவதுல ‘சோதனை’ங்கற வார்த்தையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கிட்டே. எட்டு வரியும் ஒழுங்கா இருக்கற அறிக்கை பழுதான டிஸ்க்ல இருந்து வரவே முடியாது. எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினேன். ரொம்ப தூரம் போகல. மூணாம் குழு, காத்திருப்பு நாலாயிரத்து நூத்திப் பதினேழு. உன்னோட முதல் லெட்டர்ல மாதிரிக்குப் போட்டியே, அதுலயும் அதே. எட்டு வரியும் அட்சரம் பிசகாம அதே. ஓடற டிஸ்க்ல காத்திருப்புக் கணக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறும். ரெண்டு வாரம் கழிச்சு, வேற டிஸ்க்ல, எட்டு வரியும் ஒரே மாதிரி வராது.”

மேதை எழுந்தான். “மாத்தி ஒட்டிட்டேன் போலிருக்கு. அவசரத்துல காப்பி பண்ணும்போது தப்பு நடக்கும். அதுக்காக ஓட்டவே இல்லைன்னு அர்த்தமா? பதினொண்ணாம் தேதி காலையில நானே கீழே போய், என் கையால பழுது டிஸ்க்கை எடுத்து மாட்டி…”

“உன் கையாலயா?”

“என் கையால.”

“அது ரெண்டாவது விஷயம்.” நிதானம் மேலாளர் பக்கம் திரும்பினார். “சார், அந்தத் தாள் பறக்காம இருக்க ஒரு கட்டி வெச்சிருக்கீங்களே, அது எப்ப எடுத்துக்கிட்டு வந்தீங்க?”

“இதுவா? கீழே சும்மா கிடந்துச்சு. போன மாசம்… இல்ல, இந்த மாசம் மூணாம் தேதி. அன்னிக்குத்தான் இந்த ஃபேனை மாட்டினாங்க, தாளெல்லாம் பறந்துச்சு. ஏன்? உருப்படாத சாமான்தானே, பழுதுன்னு அவளே எழுதி…” அவர் நிறுத்திவிட்டார்.

சாவி அக்கா ஒரே எட்டில் மேஜையை அடைந்து கட்டியைப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் சிவப்பு எழுத்து. அவள் அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினாள். அதன் எடையிலிருந்து விடுபட்ட மேல் தாள் மின்விசிறிக் காற்றில் எழும்பி மச்சினனின் வயிற்றில் வந்து ஒட்டியது. அவன் எடுத்து உரக்கப் படித்தான்: “‘பழுது டிஸ்க் காணவில்லை, தேடித் தரவும்.’ கீழே… ‘கவனிக்கப்பட்டது.’”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். வெண்ணெயைக் காணோம் என்ற மனுவின் மேலேயே வெண்ணெயைத் தூக்கி வைத்தவரை அன்றுதான் பார்த்தோம். வெளியே யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். உலகம் முழுக்க பழுதைத் தூக்கி எறியும். அதைப் பஞ்சு மெத்தையில் வைத்துக் காப்பாற்றுகிற ஒரே தொழில் எங்களுடையது. அந்தத் தொழிலுக்கு மேலாளராக வந்து பத்து வருஷமாகியும் அவருக்கு அது தெரியவில்லை.

“மூணாம் தேதியில இருந்து டிஸ்க் இந்த மேஜையை விட்டு நகரல” என்றார் நிதானம். “பதினொண்ணாம் தேதி தம்பி கீழே போகல. போயிருந்தா பெட்டி காலியா இருக்கறதைப் பார்த்திருப்பான். அட, காணோம்னு கூடவா தெரியாம பொய் சொல்லுவாங்க? தெரியாது. ஏன்னா போன ஏழு மாசத்துல ஒரு தடவைகூட அவன் அந்தக் கூடத்துக்குள்ள கால் வைக்கல. பொறுப்பாளர் நோட்டுல அவன் பேரே இல்ல.” அவர் சாவி அக்காவிடம் தலையசைத்தார். “மாட்டும்மா. ஓட்டிப் பார்த்துடுவோம். இந்த ஆபீஸ்ல யாராவது ஒருத்தராவது ஓட்டிப் பார்க்கணுமில்லையா?”

அவள் மாட்டினாள். திரையில் வரிகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, பிறகு ஆறு, ஏழு, எட்டு. மொத்தம் ஏழு. மறுபடி ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதோடு நின்றது. எல்லோரும் ஐந்தாவது பூட்டின் முன்னால் காத்திருந்தோம், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வரிசை காத்திருந்த மாதிரி.

“முதல் தடவை தாண்டிப் போனப்ப பூட்டிட்டுப் போயிடுச்சு” என்றாள் கேள்வி மெதுவாக. “இனிமே யார் வந்தாலும் திறக்காது. ஆஸ்பத்திரியிலயும் தினமும் காலையில நடந்தது இதுதான்.”

மேலாளர் தொண்டையைச் செருமினார். “சரி, சரி. சின்னப் பையன், ஒரு தடவை… எழுதினவ இவதானே? பேர் இவ பேர்தானே மேலே இருக்கு?”

நிதானம் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். உயர்த்தினார் என்றால், பக்கத்து மேஜை வரை கேட்டது. “படிக்காமலே படிச்சேன்னான் ஒருத்தன். பார்க்காமலே கவனிச்சேன்னார் இன்னொருத்தர். இது தப்புன்னு மூணு தடவை எழுதினது இந்தப் பொண்ணு ஒருத்திதான். ஆஸ்பத்திரிக்குப் போற காரணம் இதுதான் சார், வரி வரியா. கையெழுத்து நான் போடறேன்.”

மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடந்த அந்தக் கடிதத்தைக் கேள்வி எடுத்தாள். கிழிப்பாள் என்று எதிர்பார்த்தோம். கிழிக்கவில்லை. மேதையின் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்து, பூட்டை மறுபடி இரண்டு இடத்தில் திறக்கும் திருத்தத்தை எழுத உட்கார்ந்தாள். அதைப் பரிசோதித்தவர் என்ற இடத்தில் சாவி அக்காவின் பெயர் இருந்தது. முடிவில் ஏழு வரி, ஓட்டிய ஐந்து தடவையும்.

பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மேலாளர் வீட்டில் விஷயம் அவரைவிட முன்னதாகப் போய்ச் சேர்ந்திருந்தது. மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: “என்னைப் பார்த்துப் பிடிச்சிருக்குன்னு சொன்னாரே, அதையாவது பார்த்துட்டுச் சொன்னாரா அப்பா?” கல்யாணப் பேச்சு நின்றது. அடுத்த வருஷம் அவள் ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டாள். அவர் வாயைத் திறந்து பார்க்காமல் எதையும் சொல்வதில்லையாம். மேதை வேறு ஊருக்குப் போய்விட்டான், இதைவிடப் பெரிய பதவிக்கு. அங்கே அவனுக்குக் கீழே அறுபது பேர். அந்த அறுபது பேருக்காக நாங்கள் அவ்வப்போது வருத்தப்படுவோம், சாப்பாட்டு இடைவேளையில். மச்சினன் ஏதோ சந்தேகம் கேட்கிறேன் பேர்வழி என்று தினமும் தரைத்தளத்துக்குப் போய், கடைசியில் சாவி அக்காவையே கல்யாணம் செய்துகொண்டான். அவனைத் தவிர மற்ற எல்லோரும் அவளை இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம்.

கேள்வி எங்களோடு இருக்கவில்லை. மேதையின் நாற்காலியைத் தருவதாக மேலாளர் சொன்னார்; “ஏன்?” என்று கேட்டாள். அந்த ஆஸ்பத்திரியே அவளைத் தங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைமையாக அழைத்துக்கொண்டது. அம்மாவோடு அதன் பக்கத்துத் தெருவுக்கே குடிபோய்விட்டாள். இப்போது எங்கள் எந்திரத்தில் சின்னக் கோளாறு என்றாலும் மேலாளருக்கு அவளிடமிருந்து போன் வரும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அவர் வாயசைவு நன்றாகத் தெரியும். எழுந்து நின்றுகொண்டு, “சொல்லுங்க மேடம்” என்கிறார்.